சிறுசுமைக்கு எவ்வண்டி?

தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்றும் தில்லியில் ‘சோட்டா ஹாத்தி’ என்றும் மக்கள் அழைப்பது ஒரே வண்டியைத்தான். 2005 ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் பெயரில் அதனை அறிமுகப்படுத்தியது. இரண்டே உருளைகள் கொண்ட சிறிய டீசல் எந்திரம். முக்கால் டன் சுமை. அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’, மகிந்திராவின் ‘பொலேரோ பிக்கப்’ எனப் பிற வண்டிகளும் உள்ளன. இவற்றுள் எதனை வாங்குவது என்பது சிறுவணிகர் பலரின் வாழ்வையே முடிவுசெய்யும் வினாவாகும்.

மோதி பாக்கில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் விடியலில் ஓக்லா சந்தைக்குச் சென்று ஐந்தாறு மூட்டைகளை ஏற்றி வருகிறார். பகலில் ராமகிருஷ்ணபுரம், நானக்புரா வீடுகளுக்குப் பொருள் கொண்டு சேர்க்கிறார். சுமை சிறிது, தொலைவும் சிறிது, ஆனால், ரிங் ரோட்டில் நின்று நின்று செல்லும் நேரமோ மிகுதி. இவருக்கு டீசல் பிக்கப் ஏற்றதா?

டீசலின் சிறப்பை மறுத்தல் இயலாது. காற்றை மிகுதியாக அழுத்தி, அவ்வெப்பத்தாலேயே எரிபொருளை எரிப்பது டீசல் எந்திரம். ஆதலால் அதன் இழுவிசை பெரிது, எரிபொருட்செலவு குறைவு. மலைச்சாலையில் ஒரு டன்னுக்கு மேல் சுமந்து நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுவோர்க்கு அதுவே நன்று.

எனினும், அச்சிறப்பு குறுந்தொலைவு ஓட்டத்தில் வெளிப்படுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ்-6 விதிகளால், டீசல் பிக்கப்களில் புகைக்கரியைத் தேக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. தேங்கிய கரி எரிந்து நீங்குவதற்கு வண்டி சற்று நேரம் விரைந்து ஓடி, புகைபோக்கி நன்கு சூடேற வேண்டும். நின்று நின்று ஓடும் வண்டியில் அச்சூடு எழுவது அரிது. வடிகட்டி அடைபட்டால் பழுதுச்செலவு மிகும்.

சட்டமும் கருதத்தக்கது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக்கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் ஆணையிட்டது. 2018 இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே, பழைய வண்டிகளின் உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என இடைக்கால ஆணை பிறப்பித்தது. விதி இங்ஙனம் மாறி மாறி வருகையில் முதலில் துன்புறுபவர், மலிவு என்று கருதி ஏழெட்டு ஆண்டு ஓடிய டீசல் வண்டியைக் கடனில் வாங்கிய எளியவரே. கடன் தீருமுன் வண்டி நின்றுவிட்டால் அவர் யாரிடம் முறையிடுவார்?

இவற்றினும் பெரிது மூச்சு. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் வகைப்படுத்தியது. வண்டி நிற்கும் தெருவில்தான் வணிகரின் பிள்ளைகளும் விளையாடுகின்றனர்.

ஆகவே, இத்தகையோர்க்கு இயற்கை எரிவளி வண்டியே நடுவழியாகும். அதன் உருளைக்கலன் சிறிது இடத்தைக் கவரும். எரிவளி நிரப்ப வரிசையில் நிற்கவும் நேரும். ஆயினும், அவை தாங்கத்தக்க இடர்களே. இரவில் மின்னேற்ற இடவசதியும் கூடுதல் முதலும் உடையோர் மின்வண்டியையும் எண்ணலாம்.

‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். வண்டி வாங்குவோரும் வண்டியின் வலியை மட்டுமன்றித் தம் தேவையின் அளவையும் அறிதல் வேண்டும். ஐந்து மூட்டைக்கு யானை தேவையில்லை. குட்டி யானையே போதும். அது புகையாத யானையாக இருத்தல் இன்னும் நன்று.

அருஞ்சொற்பொருள்
இழுவிசை – இழுக்கும் ஆற்றல்
முதல் – மூலதனம்
இடர் – துன்பம், இடையூறு

சிந்தித்து எழுதுக
1. வடிகட்டி அடைபடுவதற்குக் காரணம் யாது?
2. பழைய டீசல் வண்டி எளியவர்க்கு எவ்வாறு சுமையாகிறது?
3. உம் பகுதிக் கடைக்காரருக்கு எவ்வண்டி ஏற்றது? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.