பின்சீட்டுக்கும் ஓட்டு வேண்டும்

கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியேதான் பேசுகிறார்கள். பிக்கப் எப்படி, கியர் எப்படி விழுகிறது, திரை எத்தனை அங்குலம், கூரை திறக்குமா என்று. நான் பேசப்போவது பின்சீட்டின் நடு இடத்திலிருந்து. ஒருபுறம் எட்டு வயது மகன், மறுபுறம் முழங்கால் அறுவை செய்துகொண்ட மாமியார், மடியில் சாப்பாட்டுப் பை. திண்டுக்கல்லிலிருந்து எந்த ஊருக்குக் கிளம்பினாலும் என் இடம் அதுதான். முன்னால் வீட்டுக்காரரும் மாமனாரும். குடும்பத்துக்கென்று வாங்கும் வண்டியில் அதிகம் பேர் உட்காருவது பின்னால். எந்த வண்டி என்று முடிவாவது மட்டும் முன்னால். இது மாற வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எங்கள் வீட்டில் கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு: டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர். பஞ்ச் 2021 அக்டோபரில் வந்தது. 2024-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் என்ற இடத்தை மாருதியிடமிருந்து பறித்தது. எக்ஸ்டர் 2023 ஜூலையில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. ‘நம்ம ஊர் வண்டி’ என்று கொழுந்தனார் அதற்கு ஒரு மார்க் கூடுதலாகப் போட்டார்.

இரண்டையும் எஸ்யூவி என்றுதான் விற்கிறார்கள். வரிக் கணக்கில் இரண்டுமே சிறிய கார்தான். நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. அந்த அளவைத் தாண்டினால் 40. நாங்கள் பார்த்த பஞ்சின் நீளம் 3,827 மில்லிமீட்டர், எக்ஸ்டரின் நீளம் 3,815. முன்சக்கரம் இழுக்கிற வண்டிகள். கொஞ்சம் உயரமாக உட்காரவைக்கும் சிறிய கார் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி ஒன்றில் 187 மில்லிமீட்டர், இன்னொன்றில் 185. இதை வைத்து எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே ஓட்டினார்கள். இரண்டு மில்லிமீட்டர்! எங்கள் தெரு வேகத்தடையைப் போட்டவர்கள் அவ்வளவு நுணுக்கமாக அளந்து போட்டதாகத் தெரியவில்லை.

பின்கதவைத் திறந்தால்தான் வித்தியாசம் புரியும். பஞ்சின் கதவு 90 டிகிரிக்குத் திறக்கும். மாமியார் முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். பிறகு ஒரு கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மடக்க முடியாத வலது காலை மறு கையால் தூக்கி உள்ளே வைப்பார், கடைசியாக இடது காலை. கதவு பாதியில் நின்றுவிட்டால் அந்தக் காலைத் திருப்ப இடமிருக்காது. அதே கதவு என் மகனுக்கு வேறு விதத்தில் சோதனை. வெளிக் கைப்பிடி ஜன்னலுக்குப் பின்னால், மேல் மூலையில் ஒளிந்திருக்கிறது, எம்பினால்தான் எட்டும். எக்ஸ்டரில் கைப்பிடி வழக்கமான இடத்திலேயே இருக்கிறது. அகலத்தில் பஞ்ச் 1,742 மில்லிமீட்டர், எக்ஸ்டர் 1,710. இது வெளி அளவுதான். ஆனாலும் மூன்று பேர் தோளோடு தோள் இடித்து உட்காரும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்தது. டிக்கியில் எக்ஸ்டர் ஜெயிக்கிறது: 391 லிட்டர், பஞ்சில் 366. ஒரு தண்ணீர் கேன் அளவு கூடுதல். சிஎன்ஜி எடுப்பவர்கள் இந்தக் கணக்கையே மறந்துவிடலாம். இரட்டைச் சிலிண்டரை அடியில் படுக்கவைத்தாலும் டிக்கி பாதியளவு போய்விடும்.

எஞ்சினிலும் எக்ஸ்டர்தான் முன்னே. நாங்கள் பார்த்த இரண்டிலும் இருந்தது 1.2 லிட்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின். எக்ஸ்டரில் நான்கு சிலிண்டர், பஞ்சில் மூன்று. சிக்னலில் நிற்கும்போது நான்கு சிலிண்டர் ஓடுகிறதா என்றே தெரியாது. மூன்று சிலிண்டரின் அதிர்வு பின்சீட்டு வரை வரும். ஆனால் விற்பனையாளரும் வீட்டுக்காரரும் மட்டும் பைபாஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். ஐந்து பேர், பெட்டிகள், ஏசி எல்லாவற்றோடும் வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையேறினால் இரண்டுமே இரண்டாம் கியரைக் கெஞ்சும். பைபாஸோ மலையோ, ஐந்து பேரோடு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். தயங்கினால், அடுத்த விற்பனையகம் திறந்துதான் இருக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. இங்கே விளம்பரங்கள் நம்மை நன்றாகவே குழப்புகின்றன. 2021-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பஞ்ச் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கும் வாங்கியது. சோதனைக்குப் போன வண்டியில் ஏர்பேக் இரண்டே இரண்டு. எக்ஸ்டரோ வந்தபோதே எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக்கோடு வந்தது. ஐந்து நட்சத்திரம் பெரிதா, ஆறு ஏர்பேக் பெரிதா என்று எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது ஆட்கள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்கிறதா, பெல்ட் ஆளைப் பிடிக்கிறதா என்பதை நட்சத்திரம் சொல்லும். ஏர்பேக் ஆறில் இரண்டு, ஜன்னல்மேல் விரிகிற திரைப்பைகள். பக்கவாட்டில் யாராவது வந்து மோதினால் பின்சீட்டுக்காரர்களின் தலையைக் காக்கும். ஆகவே, ‘ஐந்து ஸ்டார்’ என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டுச் சோதனை, எந்த வேரியண்ட் என்று கேளுங்கள்; 2022-இல் குளோபல் என்கேப் தன் விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. ‘ஆறு ஏர்பேக்’ என்றால் மோதிப் பார்த்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவும் கேட்டு வாங்கிய பாதுகாப்பை நாமே ஒரே நாளில் கெடுத்துவிடுகிறோம். டெலிவரி எடுத்த கையோடு சீட் கவர். முன்சீட்டின் பக்கத்திலிருந்து விரிய வேண்டிய ஏர்பேக்கை அதற்கென்று தைக்கப்படாத உறை அடைத்துவிடும். பின்சீட்டு பெல்ட் பக்கிளைக் கவருக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். ‘உறுத்துது’ என்று கேட்டு வாங்கிச் செய்கிறவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணம் செய்தது பெரிய சொகுசுக் காரில். பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்றது காவல்துறை. வண்டி பார்க்கப் போனபோது பின்சீட்டு பெல்ட் மூன்றையும் ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிப் பார்த்தேன். விற்பனையாளர் தம்பிக்கு அது வேடிக்கையாக இருந்தது. நடு இடத்துக்குத் தோள்வரை வரும் பெல்ட் இருக்கிறதா, தலை சாய்க்க மெத்தை இருக்கிறதா என்பது வேரியண்டுக்கு வேரியண்ட் மாறலாம். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. 9.90 லட்ச வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்ச வண்டிக்கு சுமார் 1.82 லட்சம். சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டு ஒரு படி மேலே ஏறினால், விலையில் 20 ஆயிரம்தான் கூடுகிறது, வரியில் 53 ஆயிரம் கூடுகிறது. அந்தச் சன்ரூஃபைத் திறந்து வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காசுக்கு, பின்னால் ஏசி துவாரம் உள்ள வேரியண்டைத் தேடுவேன்.

நாங்கள் எடுத்தது பஞ்ச். முடிவைச் சொன்னது மாமியாரின் முழங்கால். வீட்டில் நான்கே பேர், ஓட்டம் பெரும்பாலும் நகர நெரிசலில், முதியவர்கள் இல்லை என்றால் எக்ஸ்டரையே சொல்லியிருப்பேன். இரண்டுமே குறை சொல்ல முடியாத வண்டிகள். எது சரி என்பதை உங்கள் பின்சீட்டில் உட்காரப்போகிறவர்தான் சொல்ல வேண்டும். அதனால் அவரையும் விற்பனையகத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் மின்சிக்கன நட்சத்திரம் ஒட்டாமல் விற்க முடியாது. காருக்கு, 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை இன்னும் கம்பெனிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. விலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை, எந்த ஆண்டு, எந்த வேரியண்ட் என்று நான்கு வரி ஒட்டச் சொல்லி ஓர் ஆணை போட்டால் போதும். சோதிக்கவே இல்லையென்றால், அதையும் அதே அளவு எழுத்தில் ஒட்டட்டும்.