வெயில் ஏறினால் பனி இறங்கும்!

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. பிரான்சு நாட்டில் உள்ள சமோனி என்ற ஊரில் இருந்து சுவிட்சர்லாந்தில் உள்ள செர்மாட் என்ற ஊருக்கு, இந்த மலையின் மேலேயே ஒரு பாதை போகிறது.

பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, மனிதர்கள் முதல் தடவையாக இந்தப் பாதையைக் கடந்தது 1911-ம் ஆண்டில். இப்போது ஆண்டுதோறும் பலர் போகிறார்கள். ஆறு, ஏழு நாள் பயணம்.

மார்ச்சு நடுவில் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரை கூட்டம் இருக்கும். அது வசந்த காலம். நீல வானம்! இதமான வெயில்!

அந்த இதமான வெயில்தான் எமன்!

விடியுமுன் பயணம்

வழியில் உள்ள மலை விடுதிகளில் இரவு தங்குகிறவர்கள், காலை 4 மணி, 5 மணிக்கே விளக்குடன் புறப்பட்டு விடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் ஆபத்தான சரிவுகளைத் தாண்டிவிட வேண்டும்.

ஏன் இந்த அவசரம்?

மலையில் பனி அடுக்கு அடுக்காகக் கிடக்கிறது. வெயில் பட்டதும் மேல் அடுக்கு உருகுகிறது. அந்தத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பனித் துகள்களுக்குள் இருந்த பிடிப்பு தளர்ந்து விடுகிறது. உடனே பனி சரிந்து கீழே பாய்கிறது. இதுதான் "ஈரப் பனிச்சரிவு."

காய்ந்த பனியில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களே மிதித்து அதைக் கிளப்பி விடுகிறவர்கள். ஈரப் பனி பெரும்பாலும் யாரும் தொடாமலே வரும். மழையில் ஊறிய மண் சுவர், தானே இடிந்து விழுவது போல!

சிமெண்டு போல இறுகும்

காய்ந்த பனி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் பாயும். ஈரப் பனி அவ்வளவு வேகமாக வராது. ஆனால் கனம் அதிகம். மரத்தையும் பாறையையும் வாரிக்கொண்டு வரும். நின்றதும் சிமெண்டு போல இறுகிவிடும். உள்ளே சிக்கியவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

பனிச்சரிவில் முழுவதும் புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால், 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால், 3 பேரில் ஒருவர்தான் பிழைக்கிறார்!

இரவு சொல்லும் சேதி

வானம் தெளிவாக இருந்தால், பகலில் இளகிய பனி இரவில் மீண்டும் உறையும். காலையில் கல் போல இருக்கும். போகலாம்.

மேகம் மூடிய இரவில் பனி சரியாக உறையாது. அப்போது விடியுமுன் புறப்பட்டும் பயன் இல்லை. கால் முழங்கால் வரை புதைந்தாலும், சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலும், திரும்பிவிட வேண்டும்.

கிழக்குச் சரிவு முதலில் இளகும். அடுத்தது தெற்கு. பிற்பகலில் மேற்கு.

சுவிட்சர்லாந்தில் தாவோஸ் நகரில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம், ஆபத்தை 5 படிகளாகப் பிரித்து அறிக்கை வெளியிடுகிறது. வசந்த காலத்தில் காலை நேர ஆபத்தையும் பகல் நேர ஆபத்தையும் தனித்தனியாகச் சொல்வதும் உண்டு.

காலண்டர் பொய்க்கிறது

பூமி சூடாகி வருகிறது. அதனால் வசந்தத்தில் வரவேண்டிய ஈரப் பனி, குளிர்காலத்திலேயே எட்டிப் பார்க்கிறது.

இமயமலையிலும் இதே கதைதான். இமாசலப் பிரதேசத்தில் பனிச்சரிவு மோதிய மரங்களின் உள்வளையங்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அங்கே வெப்பம் கூடக்கூட, பனிச்சரிவும் கூடியிருக்கிறது என்று 2018-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

ஆகவே, "இது ஏப்ரல் மாதம்தானே, ஆபத்து இல்லை" என்று மாதத்தை மட்டும் நம்பிப் போக முடியாது. நேற்று இரவு பனி உறைந்ததா? இப்போது மணி என்ன? இந்த இரண்டையும் கேட்டாக வேண்டும்.

உறையாத இரவுக்குப் பிறகு விடுதியிலேயே தங்கினால், பணம் நட்டம். ஒரு நாள் நட்டம். உயிர் நட்டம் இல்லை!