கல்லை மாற்றினாலும் நாற்பது விநாடி

ஒரு மீட்டர் நூலில் கூழாங்கல்லைக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு ஆட்டினால், இருபது முறை போய்வர ஏறக்குறைய 40 விநாடி ஆகும். கிராமத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்தபோது உடனிருந்தேன். இன்னும் கனமான கல்லைக் கட்டினால்? “வேகமா ஆடும் சார்” என்றது வகுப்பு முழுவதும். கட்டினார்கள். 40. எண்ணியவன்தான் தப்பு செய்துவிட்டான் என்று ஒரு சிறுமி சண்டைக்கே போய்விட்டாள். அவளே எண்ணினாள், 41. மறுபடியும் எண்ணினாள், 40. பிறகு நூலைக் கால் மீட்டராகக் குறைத்தார்கள். நேரமும் காலாகும், 10 விநாடிதான் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனது 20. ஏன் என்ற கேள்வியோடு மணி அடித்துவிட்டது. ஆசிரியர் விடை சொல்லவில்லை. அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இதே தனி ஊசலை மேல்நிலை வகுப்பில் நாங்கள் வேறு விதமாகச் செய்தோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்ற விடை முன்பே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ‘ரீடிங்’ எழுதுவோம். மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வரும். கண்ணால் பார்த்ததை அழித்துவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை எழுதப் பழகினோம். ஆய்வகம் இருந்தும் இப்படித்தான் நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் செயல்வழிக் கல்வி என்றதும் நம் பேச்சு கருவிகளிலும் நிதி ஒதுக்கீட்டிலும் போய் நின்றுவிடுகிறது.

தமிழ்நாடு இதில் கை வைக்காத மாநிலம் அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளி அனுபவத்திலிருந்து வந்தது. அட்டைகளும் கற்றல் ஏணிப்படியும் பிள்ளையின் கைக்கு எட்டும் கரும்பலகையும் சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்கப் பரவின. 2022 நவம்பரில் வந்த வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் சோதனைகளைப் பள்ளி வாசலுக்கே கொண்டு செல்கிறது. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். ஆனால் சோதனைகளைச் செய்துகாட்டும் கருத்தாளர் வந்துபோன மறுநாள், வகுப்பு மீண்டும் வினா-விடைக்கே திரும்பிவிடுகிறது. ஆசிரியரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தானே அவர் நடத்த முடியும்?

இந்த முடிச்சை மத்தியப் பிரதேசத்தில் அவிழ்த்துக் காட்டினார்கள். 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 பள்ளிகளில், கிஷோர் பாரதி உள்ளிட்ட இரு தன்னார்வ அமைப்புகள் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. அவர்களுடைய ‘பால் வைஞானிக்’ நூல் சோதனைகளையும் கேள்விகளையும் தந்தது. முடிவுகளைப் பிள்ளைகளே கண்டடைய வேண்டும். சந்தேகங்களைச் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது. எல்லாவற்றையும்விட, தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தையும் தங்கள் குறிப்பேட்டையும் திறந்துவைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. மாவட்டம் முழுக்கப் பரவி அதற்கு வெளியேயும் போன அந்தத் திட்டத்தை, 30 ஆண்டுகள் கழித்து 2002-ல் மாநில அரசு நிறுத்தியது பெரிய இழப்பு.

நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. சோதனைகள் புத்தகத்தில் உள்ளவை, வழிமுறையும் அதிலேயே. அதில் ஐந்தே ஐந்து மதிப்பெண்ணை எடுத்து, முன்பின் பார்க்காத ஒரு கேள்விக்கு ஒதுக்கலாம். மேசையில் நூலும் மூன்று கற்களும் கடிகாரமும் இருக்கட்டும். எது மாறினால் ஆட்டத்தின் நேரம் மாறுகிறது என்று மாணவர் தானே வழி வகுத்துக் கண்டறியட்டும். 41 வந்தால் 41 என்றே எழுதட்டும். அதற்கு முழு மதிப்பெண் உண்டு என்று தேர்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.