டிவிடியோடு மூலப் படமும் வேண்டும்

தேவாரம் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் பத்து வருடம் கல்யாண டிவிடி போட்டவன் நான். 2006இல் அரசின் இலவச கலர் டிவி வரத் தொடங்கிய பிறகு, போட்டோக்களைப் பாட்டோடு டிவியில் ஓடவிட்டு, தெருவே கூடி உட்கார்ந்து பார்க்கும். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போன மாதம், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் மஞ்சப்பையில் ஒரு டிவிடி கொண்டுவந்தார். மேலே மார்க்கரில் என் கையெழுத்து. "தம்பி, எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. இதுல சிரிச்சுக்கிட்டு இருக்காரு, பெருசாப் போட்டுக் குடுப்பா."

டிவிடியில் அவர் மொய் நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிதாக்கினேன். மீசையும் கண்ணும் கட்டம் கட்டமாக உடைந்துபோயின.

டிவிடியின் ஒரு காட்சியில் இருப்பது 720க்கு 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள். அன்றைய 6 மெகாபிக்சல் கேமரா எடுத்தது 60 லட்சம். அந்த மூலப் படங்களை, ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் அழித்துவிட்டோம். 4.7 ஜிபி டிவிடியில் ஸ்லைடு ஷோ போக, 500 மூலப் படங்களுக்கும் இடம் இருந்தது. தனி ஃபோல்டரில் போட்டிருக்கலாம். செய்யாதது பெரிய தப்பு.

இன்று பென் டிரைவில் வீடியோ மட்டும் தரும் ஸ்டுடியோக்காரர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். மூலப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். பீரோவில் கிடக்கும் பழைய டிவிடிகளை இப்போதே காப்பி எடுங்கள். எழுதும் டிவிடியின் சாயப் பூச்சு வெயிலிலும் வெக்கையிலும் கெட்டுவிடும்.

அக்காவுக்கு உள்ளங்கை அளவில்தான் படம் போட்டுக் கொடுக்க முடிந்தது.