வீட்டில் கேட்கிற நாய் ரோட்டில் கேட்காதது ஏன்?

"உட்கார்" என்றால் உட்காரும். "வா" என்றால் ஓடி வரும். வீட்டு ஹாலில் இந்த நாயைப் போல் உண்டா?

அதே நாயை ரோட்டுக்கு கூட்டி வாருங்கள். எதிரே ஒரு தெருநாய். பக்கத்தில் கறிக்கடை. காதைப் பிளக்கும் பஸ் ஹாரன். எஜமான் தொண்டை கிழிய கத்துவார். நாய் திரும்பிக்கூட பார்க்காது. "திமிர் புடிச்ச நாய்" என்று அடி விழும்.

தப்பு நாய் மேல் அல்ல!

ஹாலில் படித்த பாடம் ரோட்டுக்கும் உண்டு என்பது நாய்க்கு தானாக புரியாது. இடத்துக்கு இடம் பழக்க வேண்டும். முதலில் ஹால், பிறகு மொட்டை மாடி, அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. கடைசியில்தான் மெரினா.

தெருநாயை கண்டால் தள்ளி நில்லுங்கள். எவ்வளவு தூரத்தில் உங்கள் பேச்சை கேட்கிறதோ, அங்கேதான் பாடம் ஆரம்பம். ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். கேட்ட உடனே, ஓரிரு விநாடிக்குள், வேகவைத்த கோழித்துண்டு வாயில் விழ வேண்டும். வீட்டில் பிஸ்கட் போதும். ரோட்டில் போதாது!

வந்த நாயை அடித்தால்? "கூப்பிட்டால் அடி" என்றுதான் அது படிக்கும்.

இது விளையாட்டு சமாசாரம் அல்ல. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதி பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியை கடித்துக் குதறின. நகரமே பதறியது.

எவ்வளவு பழகிய நாயானாலும் ரோட்டில் கயிறு கையில் இருக்கட்டும். "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்பார்கள். எதிரே வரும் குழந்தைக்கு அது தெரியுமா?