வீட்டில் செய்த ரேஸ் பைக்கின் உண்மையான விலை



எல்ல, தெமோதரை, பண்டாரவளைப் பக்கத்துப் பெற்றோருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

"ரேஸ் பைக் வாங்கப் போனால் பத்து லட்சம். வீட்டில் நாங்களே செய்தால் இரண்டு லட்சம்கூட வராது சேர்!" எங்கள் வகுப்பறைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இது பொய்க்கணக்கு. பிள்ளைகள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பாதிக் கணக்கை எழுதிவிட்டு முழுக் கணக்கு என்று நம்புகிறார்கள். நாங்களும் தலையாட்டுகிறோம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படித்த ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். தாய் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், தகப்பன் ஓட்டோ ஓட்டுகிறார். பழைய பைக் ஒன்றை வாங்கி, என்ஜினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, காபரேட்டர் மாற்றி, சைலன்சரை வெட்டி, ராத்திரி ராத்திரியாக வேலை செய்தான். கொப்பியில் எழுதி வைத்த செலவு 185,000 ரூபாய். 2024 செப்டம்பரில் தீர்மானித்த தோட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. வகுத்துப் பாருங்கள். அந்தக் கூலியில் ஒரு தாய் 137 நாள் கூடை சுமக்க வேண்டியிருந்தது.

அந்தக் கொப்பியில் இல்லாததை நாங்கள் அவன் வீட்டில் உட்கார்ந்து எழுதினோம். அடகு வைத்த நகைக்கு வட்டி 31,000. பைக் விழுந்து கால் முறிந்தபோது தகப்பன் ஆறு வாரம் ஹயர் போகவில்லை. நாளுக்கு 2,000 என்றாலும் 84,000. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் போக வர, கூட நிற்க 22,000. பைக்கைத் திருப்பிச் சரிசெய்ய 60,000. இரண்டு பக்கமும் கூட்டினால் 382,000. அதாவது அதே கூலியில் 283 நாள் கொழுந்து. அந்த வருடம் அவன் பரீட்சை எழுதவில்லை. அதற்கு எந்தத் தொகையைப் போடுவது?

இன்னொன்றையும் கவனித்தோம். 185,000 ரூபாய் பட்டியலில் வேகத்தைக் கூட்டும் சாமான் எல்லாம் இருந்தது. பிரேக் இல்லை. நல்ல ஹெல்மட் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். இதைத் தரம் 10 விஞ்ஞானத்தில் நாங்களே படிப்பிக்கிறோம். கரும்பலகையில் எழுதி, புள்ளி போட்டுவிட்டு, பிள்ளை வீட்டுக் கொல்லையில் என்ன செய்கிறான் என்று கேட்காமல் விட்டோம். அந்தக் குற்றத்தில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு.

தூரத்துக் கதை தேவையில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவை பொக்ஸ்ஹில். இராணுவ மைதானம், ஒழுங்கான ஓடுபாதை, அனுபவமுள்ள சாரதிகள், கொடி பிடித்து நின்ற கடமையாளர்கள். அப்படி இருந்தும் ஒரு கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்தார்கள். அதில் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி. போட்டிக் கடமையில் நின்றவர்களும் அதில் இருந்தார்கள். அத்தனை ஏற்பாட்டோடும் அது நடந்ததென்றால், எல்ல - வெல்லவாய ரோட்டில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக, பஸ்ஸும் சுற்றுலாக்காரர்களும் நடுவில் போக, பிரேக் பார்க்காத பைக்கில் போட்டி ஓடுவதை என்னவென்று சொல்வது? 2025 செப்டம்பரில் அதே ரோட்டில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்த இரவை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

"அல்லாஹ் விதித்தது நடக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். "தலையெழுத்து" என்கிறார்கள் வேறு சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது எங்கள் மார்க்கம். பிரேக் கேபிளைப் பார்க்காமல் விதியைச் சொல்வது ஈமான் அல்ல, சோம்பேறித்தனம்.

"அப்போ பிள்ளைகளின் திறமையை அடக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பதினெட்டு வயதில் ஒரு என்ஜினைத் தனியாகப் பிரித்துப் பூட்டுகிறவன் கெட்டிக்காரன். அவனுடைய ராத்திரி உழைப்பைச் சும்மா என்று எண்ணுகிறோமே, அதுதான் பிழை. அதே உழைப்பைத் தொழிற்பயிற்சியில் போட்டால் என்விகியூ சான்றிதழ் வரும். கராஜில் சம்பளம் வரும்.

ஆகவே கேட்கிறோம். பெற்றோரே, காசு கொடுக்கும் முன் இரண்டு பக்கக் கணக்கையும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் பிரேக், இரண்டாவது வரியில் ஹெல்மட். அந்த இரண்டுக்கும் காசு போதாவிட்டால் என்ஜினில் கை வைக்க வேண்டாம். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, பிரேக்கைப் பார்க்காமல் வேகம் கூட்டிக் கொடுக்காதீர்கள். ஓடுவதென்றால் மூடிய பாதையில் மட்டும் ஓடட்டும், பொது ரோட்டில் வேண்டாம்.

எங்கள் பங்குக்கு, சனிக்கிழமை பின்னேரங்களில் கொப்பியோடு வரும் எந்தப் பிள்ளையோடும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க நாங்கள் தயார். ஏசமாட்டோம். பைக்கையும் கொண்டு வரட்டும். முதலில் பிரேக்கைப் பார்ப்போம்.