ஓப்பனிங் பேலன்ஸ் தொப்பை

காமர்ஸ் படித்தவர்களுக்கு வருஷத்தில் மூன்று புத்தாண்டு. ஜனவரி 1 ஊருக்காக. சித்திரை 1 வீட்டுக்காக. ஏப்ரல் 1 வயிற்றுப்பாட்டுக்காக. இதில் மூன்றாவதுதான் நிஜமானது. மார்ச் 31 ராத்திரி கணக்கை மூடி, வவுச்சர்களை மூட்டை கட்டிவிட்டு, அப்பாடா என்று குனிந்து ஷூ லேஸைக் கட்டப் போனால் கை எட்டாது. நடுவில் ஏதோ தடுக்கும். அதுதான் அந்த வருஷத்தின் நிகர லாபம்.

ஆடிட் சீஸன் என்பது ஒரு தனி சாப்பாட்டு முறை, ஸார். காலையில் நின்றுகொண்டே நாலு இட்லி. பதினோரு மணிக்கு டீ. க்ளையன்ட் ஆபீஸுக்குப் போனால் ஸ்வீட், காரம், காபி. கணக்கில் ஓட்டை பெரிசாக இருந்தால் தட்டில் முந்திரி பகோடா. ராத்திரி பத்தரைக்கு சால்னாவில் முக்கிய பரோட்டா. சாப்பிட்ட கையோடு தூக்கம். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலி. இரண்டு மாசம் இப்படி ஓடினால் (ஓடியது நாம் அல்ல, வேலை) உடம்பு என்ன செய்யும்? பாவம், வந்ததையெல்லாம் வரவு வைத்துக்கொள்ளும்.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. பஜ்ஜி விஷயத்தில் பற்று மட்டும்தான் நடக்கிறது. எதிர்ப் பதிவு எழுத ஆள் இல்லை.

* * *

ஏப்ரல் பிறந்ததும் எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் மூன்று வகை.

முதல் வகை, சாமான் வாங்குகிறவர்கள். ஷூ, ட்ராக் சூட், கையில் கட்டுகிற வாட்ச், தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்து இறங்கும். ஆள் மட்டும் வரமாட்டார். செலவு செய்த திருப்தியிலேயே அரைக் கிலோ குறைந்த மாதிரி இருக்கும்.

இரண்டாம் வகை, ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டுகிறவர்கள். 'பணம் கட்டியிருக்கோம்ல, போயிடுவோம்' என்பது இவர்கள் வாதம். ஜிம் முதலாளிக்கு இவர்கள்தான் தெய்வம். எல்லோரும் தினம் வந்துவிட்டால் நிற்க இடம் ஏது?

மூன்றாம் வகைதான் ஆபத்து. மூன்று மாதக் கடனை மூன்றே நாளில் அடைக்கிறவர்கள். என் ஆடிட்டர் ஆபீஸ் நண்பன் இந்த ஜாதி.

அவனுக்கு வயது 34. உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 82 கிலோ. போன ஏப்ரலில் ஆபீஸில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"ஹெச்பிஏ1சி 6.1-னு போட்டிருக்கு. இதுக்கு என்னடா அர்த்தம்?"

ஒரு நாள் சுகர் டெஸ்ட் என்பது அன்றைக்குக் கல்லாப்பெட்டியில் இருக்கிற பணம். முந்தின ராத்திரி பட்டினி கிடந்து ஜோடித்துவிடலாம். இது அப்படியில்லை, ஏறக்குறைய மூன்று மாசத்து பேங்க் ஸ்டேட்மென்ட். 5.7-க்குக் கீழே என்றால் நார்மல். 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளேயும் போகலாம், எழுந்து வீட்டுக்கும் போகலாம்.

நம் நாட்டில் இந்தத் திண்ணையில் கூட்டம் ஜாஸ்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி, திண்ணைக்காரர்கள் சுமார் 13.6 கோடி என்றது.

நண்பன் சிரிக்கவில்லை. அவன் அப்பாவுக்கு 52 வயதில் சர்க்கரையால் கால் விரலை எடுத்தார்கள். அப்போது இவன் ப்ளஸ் டூ. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அக்கவுன்டன்ஸி படித்தவன்.

* * *

டாக்டரம்மா முதலில் டேப்பை எடுத்தார். "என் பேன்ட் சைஸ் 36 மேடம்" என்றான் இவன், நேரத்தை மிச்சப்படுத்துகிற எண்ணத்தில். அவர் தொப்புளைச் சுற்றி அளந்தார். 40.

ஆண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் இது. பேன்ட் சைஸ் ஏறவில்லை என்றால் தொப்பை ஏறவில்லை என்று அர்த்தமில்லை. பேன்ட் இறங்கியிருக்கிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளேயே குடியேறுவதால் வெள்ளைக்காரன் அளவுகோல் நமக்குச் செல்லாது. எடை மெஷினில் 64 காட்டுகிற என் போன்ற ஒல்லிகளும் டேப்பைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறோம்.

"மாத்திரை இப்ப வேண்டாம். நடங்க, ஸார். மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பார்க்கில் ஆஜரானான், என்னையும் இழுத்துக்கொண்டு. நடக்கச் சொன்னால் ஓடினான். நாலு சுற்று. அது போதாதென்று தோப்புக்கரணம் ஐம்பது. பிள்ளையாரே 'போதும்ப்பா' என்று சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். அவன் வீட்டில் இந்தியன் டாய்லெட். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பழக்கமில்லாத தசை நார்களில் விழுகிற நுண்ணிய காயம்தான் இந்த வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். அது லாக்டிக் அமிலத்தின் வேலை என்பது பழைய கதை. அந்தப் பார்க்குக்குப் பெயர் தந்த நாகேஸ்வரராவ் அமிர்தாஞ்சன் கம்பெனியை ஆரம்பித்தவர் என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். முதல் நாள் அவர் பார்க், இரண்டாம் நாள் அவர் தைலம்.

* * *

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அங்கே மாடி பஸ்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாரடைப்பு எப்படி வருகிறது என்று கணக்கெடுத்தார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வசதி. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. 1953-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். அவரே 2009-ல், 99 வயதில்தான் காலமானார்.

நம் டவுன் பஸ்ஸில் நிலைமை வேறு. கண்டக்டர் பாதி நேரம் ஸீட்டில் இருப்பார். காசு நடந்து போகும், டிக்கெட் நடந்து வரும்.

மாரிஸின் கண்டக்டர்கள் யாரும் ட்ராக் சூட் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யவில்லை. வேலையோடு வேலையாகப் படி ஏறினார்கள், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரவும் சொல்கிறது. குறைந்தது பத்து நிமிஷம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய விதியை 2020-ல் எடுத்துவிட்டார்கள். சில்லறையாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். மிதம் என்றால் என்ன? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பக்கத்தில் நடப்பவர்களுக்கும் அது நல்லது.

தினம் பத்தாயிரம் அடி நடந்தால்தான் உண்டு என்று பயப்படவேண்டாம். ஜப்பானில் 1960-களில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றார்கள். 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நன்றாக இருந்ததால் அதுவே சட்டமாகிவிட்டது.

நண்பன் இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது ஓடவில்லை. ஆபீஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிப் பதினைந்து நிமிஷம் நடந்தான். சாயங்காலம் திரும்பப் பதினைந்து. வாரத்துக்கு ஐந்து நாள். பெருக்கிப் பாருங்கள், 150 வந்துவிடும். லிஃப்ட்டை மறந்தான். ராத்திரி பரோட்டாவை எட்டு மணி சப்பாத்தியாக மாற்றினான்.

டீயை விடமாட்டேன் என்றான். சர்க்கரையை மட்டும் விட்டான். தினம் ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஆக பத்து ஸ்பூன். ஸ்பூனுக்கு 16 கலோரி வீதம் 160. வருஷத்துக்கு 58,400. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்று வகுத்தால் கிட்டத்தட்ட ஏழரை கிலோ. நம்மைப் பிடித்த ஏழரை எங்கே இருக்கிறது என்று புரிகிறதா? உடம்பு இவ்வளவு நேர்மையான கணக்குப்பிள்ளை இல்லைதான். வரவு குறைந்தால் செலவையும் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். அதனால் முழு ஏழரையும் இறங்காது. ஆனால் திசை சரி.

* * *

மூன்று மாசம் கழித்து எடை பார்த்தான். 80.

"ரெண்டே கிலோதான்டா. தொண்ணூறு நாள் சர்க்கரை இல்லாத டீ குடிச்சதுக்கு ரெண்டு கிலோ!" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே விட்டிருப்பான். பெரும்பாலோர் விடுகிற இடம் அதுதான். நான்தான் சென்னையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னேன்.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசல்படியில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து, ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தது. முடிவு 2006-ல் வந்தது. சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளி ஆனார்கள். தினம் அரை மணி வேக நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேர். இதில் விசேஷம், அவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. முள் நகராமலே உள்ளே வேலை நடந்திருக்கிறது. நடக்கிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதைக் காட்டும் சக்தி எடை மெஷினுக்குக் கிடையாது.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். 5.8. திண்ணையின் ஓரத்துக்கு வந்திருக்கிறான். இன்னும் இறங்கவில்லை. டேப் 38 காட்டியது. ரிப்போர்ட்டை இந்தத் தடவை அவன் அம்மாவிடம் கொடுத்தான். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, பீரோவில் அப்பாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

* * *

நீங்களும் கிளம்பலாம். நெஞ்சில் வலி, படி ஏறினால் மூச்சு வாங்கல், பி.பி., ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை என்று ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், பிறகு பார்க். கத்திரி வெயில் நாட்களில் ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். முதல் வாரம் 'இவ்வளவுதானா?' என்று நினைக்கிற அளவுக்கே நடங்கள். அப்போதுதான் இரண்டாம் வாரம் என்று ஒன்று வரும்.

அடுத்த மார்ச்சும் வரும். வேலை குவியும். முந்திரி பகோடாவும் வரும். அப்போது அரை மணி கிடைக்காவிட்டால் பத்து நிமிஷம் நடங்கள். பத்து கிடைக்காவிட்டால் மாடிப்படி. கணக்கை மூடினாலும் நடையை மூடாதீர்கள். போன வருஷத்து க்ளோஸிங் பேலன்ஸ்தான் இந்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸ். அதை மட்டும் எந்த ஆடிட்டராலும் அட்ஜஸ்ட் செய்ய முடியாது, ஸார்.